உயரம் பாய்ந்த எதிர்வீரசிங்கம்



தை பிறந்து சில நாட்களுக்குள் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானங்களிலே சுண்ணாம்புக் கோடுகள் இழுக்கப்படுகின்றன. இல்லக் கொடிகள் ஏறுகின்றன. மெய்வல்லுநர் போட்டி நடைபெறும் நாளில் ஊரே திரண்டு வந்து வேலியோரம் நிற்கும். நூறு மீற்றர் ஓட்டம் தொடங்கும்போது எல்லோருடைய கண்களும் ஓடுபாதையின் மேல் இருக்கும். அந்நேரத்திலே மைதானத்தின் ஒரு மூலையில், இரண்டு தூண்களுக்கு இடையே கிடத்திய ஒரு கம்பைத் தாண்டுவதற்குச் சில பிள்ளைகள் முயன்றுகொண்டிருப்பார்கள். அவர்களைப் பார்ப்பவர் மிகச் சிலரே. அந்த மூலையிலிருந்துதான், ஆசிய விளையாட்டு விழாவிலே இலங்கை பெற்ற முதலாவது தங்கப் பதக்கம் பிறந்தது. அதனை வென்றவர் யாழ்ப்பாணத்தவர். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்பது அவருடைய பெயர்.

அவருடைய பெயரை இன்றைய மாணவருட் பலர் அறியார். அறிந்தவர்களும் ஒரு பதக்கத்தின் பெயராகவே அறிந்திருக்கிறார்கள். அவரைப் புகழ்வது மட்டும் இன்றைய பேச்சின் நோக்கமன்று. அவர் தேர்ந்தெடுத்த போட்டியின் இயல்பையும், அதனூடாக அவர் வாழ்ந்து காட்டிய முறையையும் சிறிது ஆராய்ந்து பார்ப்போமானால், பிள்ளைகளைப் பரீட்சை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டுப் படலையிலே காத்து நிற்கும் பெற்றோராகிய நமக்கு அதிலே ஒரு பெரிய பாடம் உண்டு.

எதிர்வீரசிங்கம் அவர்கள் 1934ஆம் ஆண்டு ஆவணி மாதம், யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரியவிளான் என்னும் ஊரிலே பிறந்தவர். 1816ஆம் ஆண்டிலே தோன்றிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே கல்வி கற்றவர். அக்காலத்திலே நம்முடைய மைதானங்களில் இன்று காணும் தடித்த மெத்தைகள் இல்லை. உயரம் பாய்பவன் மணலிலே விழவேண்டும். மணலை மண்வெட்டியாற் கொத்திக் கிளறி, சிறிது குவித்து வைப்பார்கள். அவ்வளவுதான் பாதுகாப்பு.

உயரம் பாய்தல் என்னும் போட்டியைப் பற்றி, வீட்டிலிருந்து கேட்கும் தாய்மாருக்காகவும் பெரியவர்களுக்காகவும் சில வார்த்தைகள் சொல்லுதல் வேண்டும். இரண்டு தூண்கள், அவற்றின் மேல் ஒரு கம்பு. ஓடிவந்து, ஒற்றைக் காலால் நிலத்தை உதைத்து எழுந்து, கம்பை வீழ்த்தாமல் அப்பாற் செல்ல வேண்டும். இரண்டு கால்களையும் சேர்த்து உந்தி எழுதல் விதிக்கு முரணானது. ஒருவன் ஓர் உயரத்தைத் தாண்டிவிட்டால் கம்பு உயர்த்தப்படும். தவறினால் மறுபடி முயலலாம். தொடர்ந்து மூன்று முறை தவறினால் அவன் போட்டியிலிருந்து நீங்கவேண்டும். இருவர் ஒரே உயரத்தைத் தாண்டி நின்றால், குறைவாகத் தவறியவர் முன்னிடம் பெறுவார்.

இந்த விதிகளுக்குள்ளே ஒரு விந்தை மறைந்திருக்கிறது. ஓட்டப் பந்தயத்தில் வென்றவன் கயிற்றை நெஞ்சால் அறுத்துக்கொண்டு முடிக்கிறான். பந்தாட்டத்தில் வென்ற அணி ஆரவாரத்தோடு முடிக்கிறது. உயரம் பாய்தலிலோ, மற்றவர் எல்லோரும் விலகிய பின்பும் வென்றவனுக்காகக் கம்பு உயர்த்தப்படுகிறது. அவன் மேலும் பாய்கிறான். தானாக நிறுத்திக்கொண்டாலன்றி, அவனும் ஈற்றில் மூன்று முறை கம்பை வீழ்த்தியே போட்டியை முடிக்கிறான். கடைசி இடம் பெற்றவனும் தவறித்தான் முடித்தான்; முதலிடம் பெற்றவனும் தவறித்தான் முடித்தான். அவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு எந்த உயரத்திலே தவறினார்கள் என்பது மட்டுமே. தவறுதலையே அளவுகோலாகக் கொண்டு வெற்றியை அளக்கும் போட்டி இது.

இந்தப் போட்டியைத் தமது இளமையின் வேலையாகக் கொண்ட எதிர்வீரசிங்கம், பாடசாலைப் பருவத்திலேயே நாட்டின் முன்னணிப் பாய்வீரராக உயர்ந்தார். 1952ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கியிலே ஒலிம்பிக் விழா நடைபெற்றபோது, இலங்கையின் சார்பில் உயரம் பாய்வதற்கு அவர் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது 17. பெரியவிளானின் பனங்கூடல்களிடையே வளர்ந்த ஒரு பிள்ளை, நள்ளிரவிலும் வானம் முற்றாக இருளாத வடதேசத்துக் கோடையிலே, உலகத்தின் தலைசிறந்த பாய்வீரர்களோடு ஒரே வரிசையில் நின்றார்.

அவ்விழாவிலே பொன் வென்றவர் அமெரிக்கரான வோல்ற்றர் டேவிஸ். சிறு வயதிலே இளம்பிள்ளைவாதத்தினால் கால் வழங்காது கிடந்து, மெல்ல மெல்ல எழுந்து நடந்து, பின் ஓடி, பின் பாய்ந்தவர் அவர். ஹெல்சிங்கியிலே அவர் தாண்டிய உயரம் 2.04 மீற்றர். அஃது அன்றைய ஒலிம்பிக் சாதனை. நம்முடைய இளைஞருக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் 2.04 என்ற எண்ணை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஹெல்சிங்கிக்குப் பின்வந்த ஆண்டுகளிலே அவர் உயர்கல்வி நாடி அமெரிக்கா சென்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலே பயின்றார். அதன் மெய்வல்லுநர் அணிக்காகவும் பாய்ந்தார். அந்த நகரம் அக்காலத்து உயரம் பாய்தலின் தலைநகர் போன்றது. 1956ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், அங்கேதான் சாள்ஸ் டியூமாஸ் என்னும் இளைஞர் ஏழடி உயரத்தைத் தாண்டிய முதல் மனிதராயினார். அதே ஆண்டின் இறுதியில் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலே 2.12 மீற்றர் தாண்டிப் பொன் வென்றவரும் அவரே. மெல்பேர்ண் விழாவிலே எதிர்வீரசிங்கமும் இரண்டாவது முறையாக இலங்கைக்காகப் பாய்ந்தார். இம்முறையும் பதக்கம் இல்லை.

நேயர்களே, இவ்விடத்திலே சற்று நிற்போம். இரண்டு ஒலிம்பிக் விழாக்கள். ஒன்றிலும் பதக்கம் இல்லை. இடையே நான்கு ஆண்டுகள். கோடிக்கணக்கானோர் கனவு காணும் அரங்கிலே இருமுறை நின்றதே பெரிது என்று மனநிறைவு கொண்டு ஒருவர் ஓய்ந்திருக்கலாம். அன்றி, இருமுறை சென்றும் வெறுங்கையோடு திரும்பினேனே என்று மனம் உடைந்தும் ஓய்ந்திருக்கலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. படிப்பையும் விடவில்லை, பாய்ச்சலையும் விடவில்லை.

1958ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், டோக்கியோ நகரிலே மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா தொடங்கியது. அவ்விழாவுக்கென்றே புதிதாக எழுந்த தேசிய மைதானத்திலே, எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரத்தைத் தாண்டினார். நமது பழைய அளவிலே சொன்னால் ஆறு அடி எட்டு அங்குலம். ஆசிய விழாவிலே அதற்குமுன் எவரும் தாண்டாத உயரம் அது. பொற்பதக்கம் அவருக்குரியதாயிற்று. 2.04 என்ற எண்ணை இப்பொழுது நினைவுகூருங்கள். ஆறு ஆண்டுகளுக்குமுன் ஹெல்சிங்கியிலே உலகின் முதல்வர் பாய்ந்த உயரத்துக்கும், டோக்கியோவிலே நம்மவர் பாய்ந்த உயரத்துக்கும் இடையே இருந்தது ஒரேயொரு சென்ரிமீற்றர்.

அந்த நாட்களில் இலங்கையிலே நடந்தவற்றையும் சொல்லாமல் விட்டால் வரலாற்றை அரைகுறையாகச் சொன்னவனாவேன். அதே மே மாதத்தின் கடைசி வாரத்திலேதான் இந்த நாட்டில் தமிழர்க்கெதிரான வன்செயல்கள் மூண்டெரிந்தன. மே 27ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. கொழும்பிலே வீடு வாசல் இழந்தவர்கள் கப்பல்களிலே வடக்கே அனுப்பப்பட்டார்கள். கடலுக்கு அப்பால், சிங்கக் கொடியின் கீழ் நின்ற ஒரு தமிழர், அந்தக் கொடிக்கு ஆசிய விழாவின் முதற் பொன்னைத் தேடிக்கொடுத்தார். இவ்விரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எழும் உணர்ச்சியை விவரிக்க நான் முற்படவில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன். அந்தக் கம்புக்குப் பாய்ந்தவரின் மொழியும் தெரியாது, குலமும் தெரியாது. தாண்டினால் நின்றது, தட்டினால் விழுந்தது.

இதன் அருமையை உணர, முற்றிலும் வேறான ஒரு போட்டியோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். குளிர் நாடுகளிலே பனித்தரையில் சறுக்கியபடி ஆணும் பெண்ணும் இணைந்து ஆடும் நடனப் போட்டி உண்டு. 1976ஆம் ஆண்டு ஒஸ்திரியாவின் இன்ஸ்புறுக் நகரிலே அது முதன்முறையாக ஒலிம்பிக் விழாவில் இடம்பெற்றது. அதில் முதலாவதாகப் பொன் வென்றவர்கள், மொஸ்கோவைச் சேர்ந்த லுட்மிலா பகோமோவா, அலெக்சாந்தர் கொர்ஷ்கொவ் என்னும் தம்பதியர். மிக அழகிய கலை அது. நம்முடைய பரத நாட்டியத்தைப் போலவே தாளமும் பாவமும் அதற்கு உயிர். ஆயினும், அங்கே வெற்றி தோல்வியை நடுவர்களின் கண்கள் தீர்மானிக்கின்றன. எத்தனை நேர்மையான நடுவராயினும் சுவை என்று ஒன்று அவருக்கு உண்டு. உயரம் பாய்தலிலே சுவைக்கு இடமில்லை. நடுவர் வெள்ளைக் கொடியைத் தூக்குகிறாரா சிவப்புக் கொடியைத் தூக்குகிறாரா என்பதைக் கம்பே அவருக்குச் சொல்லிவிடுகிறது. ஆதரவு இல்லாத இடத்திலிருந்து வரும் ஒரு பிள்ளைக்கு இதைவிட நீதியான நடுவர் வேறு யார்?

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவிலே நான்காவது ஆசிய விழா நடந்தபோது, எதிர்வீரசிங்கம் மீண்டும் பாய்ந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். யப்பானிய வீரர் ஒருவர் அவரை முந்தினார். பொன் வென்றவர் வெள்ளியோடு திரும்புவதை நம்மவர் சிலர் இறக்கம் என்று கணிப்பர். ஆனால் பத்து ஆண்டுகளாக, நான்கு ஆண்டுக்கொருமுறை வரும் பெருவிழாக்களிலே, தமது உடலைப் போட்டிக்குரிய நிலையில் வைத்திருந்த ஒருவரின் உழைப்பை அந்த வெள்ளிப் பதக்கத்திலே காண்கிறேன்.

பாய்ச்சல் ஓய்ந்தபின் அவருடைய வாழ்க்கை ஓய்ந்துவிடவில்லை. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றார். கல்வித் துறையிலே பணியாற்றினார். ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோவின் சார்பிலே ஆபிரிக்க நாடுகளின் கல்வி வளர்ச்சிக்கு உழைத்தார். முதிர்ந்த வயதிலும் பிறந்த மண்ணை மறவாது, வடக்கிற்கும் கிழக்கிற்கும் வந்து, போரினால் நலிவுற்ற பிள்ளைகளின் கல்வியிலும் விளையாட்டிலும் கருத்தூன்றினார். 2024ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே, தமது 89ஆவது வயதில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே காலமானார்.

விளையாடினால் படிப்புக் கெட்டுவிடும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் ஆண்டிலே, மைதானத்தில் நன்றாக ஓடிய பிள்ளைகள் ஒவ்வொருவராக மறைந்துவிடுவதை உடற்கல்வி ஆசிரியர்கள் நன்கு அறிவர். மாலை வேளைகளிலே மைதானம் வெறுமையாகவும், தனியார் கல்வி நிலையங்களின் வாசல்கள் சைக்கிள்களால் நிறைந்தும் இருக்கின்றன. பெற்றோரின் அச்சத்தை நான் இகழவில்லை. போரிலே காணியும் பொருளும் இழந்த ஒரு சமுதாயம், எவராலும் பறிக்க முடியாத கல்வியைப் பற்றிக்கொள்வது இயல்பே. ஆனால், மத்திய கல்லூரி மைதானத்திலே பாய்ந்த அந்தப் பிள்ளைதான் பின்னாளிலே கலாநிதியானார் என்பதையும் நாம் எண்ணவேண்டும். பாய்ச்சல் அவருடைய படிப்பைத் தின்றுவிடவில்லை. அவரைக் கடல் கடந்த பல்கலைக்கழகத்தின் மைதானம்வரை அழைத்துச் சென்றது.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கும் இது பொருந்தும். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவியாயிருந்த அனித்தா ஜெகதீஸ்வரன், கோலூன்றிப் பாய்தலிலே இலங்கையின் தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்தவர். நம்முடைய கிராமங்களின் மண்ணுக்கு உயர எழும் ஆற்றல் இன்றும் வற்றவில்லை.

இனி, நான் முன்னே சொன்ன பாடத்துக்கு வருகிறேன். உயரம் பாய்பவனுக்கு ஓர் உயரத்திலே மூன்று முயற்சிகள். நம்முடைய நாட்டிலே பல்கலைக்கழக அனுமதியை நாடும் மாணவனுக்கும் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்ற இடமுண்டு. எண் ஒன்றுதான். ஆனால் மனநிலை வேறு. பாய்பவன் முதல் முறை கம்பைத் தட்டி வீழ்த்தினால், எழுந்து மணலைத் தட்டிவிட்டு, தன் காலடிகளை மறுபடி அளந்து பார்க்கிறான். எங்கே பிழைத்தது? ஓட்டம் மிகுந்ததா? கம்புக்கு மிக அருகிலே எழுந்தேனா? இவைதாம் அவனுடைய கேள்விகள். எவரும் அவனைப் பார்த்து உன்னால் குடும்பத்துக்கு மானம் போயிற்று என்று சொல்வதில்லை. நம்முடைய வீடுகளிலோ, முதல் முறை தவறிய பிள்ளைக்கு அந்த அளவெடுக்கும் அமைதி கிடைப்பதில்லை.

ஒரு பாடசாலையின் அதிபராக இருப்பவருக்குப் பெறுபேறுகள் வெளியாகும் நாள் மிகவும் பாரமான நாள். வென்ற பிள்ளைகள் பெற்றோரோடு வருவார்கள்; கற்கண்டு தருவார்கள்; படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவார்கள். அவர்களைப் பற்றிக் கவலையில்லை. அன்று வாராத பிள்ளைகளைப் பற்றியே நெஞ்சு அடித்துக்கொள்ளும். சிலர் ஒரு கிழமை கழித்து, எவரும் காணாத நேரம் பார்த்து, சான்றிதழ் பெற வருவார்கள். சிலர் வருவதேயில்லை. மாணவத் தலைவனாக நிமிர்ந்து நடந்த பிள்ளை, வீதியிலே ஆசிரியரைக் கண்டால் ஒழுங்கைக்குள்ளே திரும்பிவிடுகிறான். அவன் செய்த குற்றம் என்ன? ஓர் உயரத்தை ஒருமுறை தட்டிவிட்டான். அவ்வளவே.

நம்முடைய மொழியிலே ஒரு சிறு விந்தை உண்டு. பரீட்சைக்குத் தோற்றினான் என்றால், அதற்கு முகங்கொடுத்தான் என்பது பொருள். பரீட்சையிலே தோற்றான் என்றால், தவறினான் என்பது பொருள். இரண்டு சொல்லுக்கும் இடையே ஓர் அசைதான் தூரம். தோற்றியவனே தோற்கவும் முடியும். தோற்றாதவனுக்குத் தோல்வியும் இல்லை, உயரமும் இல்லை. ஹெல்சிங்கியிலும் மெல்பேர்ணிலும் தோற்றியிராவிட்டால், டோக்கியோவிலே எதிர்வீரசிங்கம் நின்றிருப்பாரா?

அந்த டோக்கியோவைப் பற்றியே மற்றுமொரு செய்தி. 1958இல் அவர் பாய்ந்த தேசிய மைதானம் பின்னர் இடிக்கப்பட்டு, அதே நிலத்திலே புதிய மைதானம் எழுப்பப்பட்டது. 63 ஆண்டுகளுக்குப் பின், 2021ஆம் ஆண்டு ஓகஸ்ற் முதலாம் நாள், அங்கே ஒலிம்பிக் உயரம் பாய்தல் இறுதிப் போட்டி நடந்தது. கட்டார் நாட்டின் முத்தாஸ் பர்ஷிம், இத்தாலி நாட்டின் ஜியன்மார்க்கோ தம்பேரி ஆகிய இருவரும் 2.37 மீற்றர்வரை ஒரு தவறுமின்றித் தாண்டினர். 2.39 மீற்றரிலே இருவரும் மூன்று முறையும் தவறினர். இன்னும் பாய்ந்து ஒருவரை ஒருவர் வெல்ல வாய்ப்பிருந்தது. அவர்கள் அதை வேண்டாமென்று பொன்னைப் பகிர்ந்துகொண்டனர். மும்முறை தவறிய இருவரும், அடுத்த கணத்திலே ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு மகிழ்ந்தனர். தவறியவர்கள் எப்படி மகிழமுடியும் என்று கேட்பவர்கள், அவர்கள் தாண்டிவந்த உயரங்களை மறந்தவர்கள்.

நேயர்களே, பெறுபேறு வெளியாகும் நாளிலே பிள்ளை வீட்டுக்குள் வரும்போது, எத்தனை பாடத்தில் தவறினாய் என்ற கேள்வியை ஒருநாள் பிற்போடுங்கள். அன்று ஒரு தேநீரைக் கொடுத்து அருகில் இருத்துங்கள். மறுநாள், இருவருமாக இருந்து, காலடிகளை அளந்து பாருங்கள். மறுபடி அதே உயரத்துக்குப் பாய்வதா, வேறு துறையிலே பாய்வதா என்று அமைதியாகத் தீர்மானியுங்கள். தொழில்நுட்பக் கல்லூரியும் ஆசிரிய கலாசாலையும் திருநெல்வேலியின் செம்மண்ணிலே விளையும் வெங்காயமும் புகையிலையும் மதிப்புக்குரியனவே. வாழ்க்கைக்கு ஒரே கம்பு மட்டும் இருப்பதாகப் பிள்ளையை நம்பவைப்பது பெரும் பாவம்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த மெய்வல்லுநர் போட்டியிலே ஓட்டம் பார்த்து முடிந்ததும், மைதானத்தின் அந்த மூலைக்குச் சிறிது நேரம் சென்று நில்லுங்கள். கம்பு விழும் ஓசையைக் கேளுங்கள். அது விழுந்த பின்பு அந்தப் பிள்ளை என்ன செய்கிறான், என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். நடுவர் கம்பை எடுத்து மீண்டும் தூண்களின் மேல் வைப்பார். பாய்பவர் தம் அடையாளத்துக்குத் திரும்பி நடப்பார். அந்தத் திரும்பி நடக்கும் நடையைக் கற்றுக்கொள்ளுங்கள். எதிர்வீரசிங்கம் அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற செல்வம் அதுவே.